இருபத்தொன்றாம் அதிகாரம்

தினமும் வேதம் வாசிக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். என் வயதுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, விடிகாலை எழுந்து மூன்று அதிகாரம் முடித்த பிறகுதான் காப்பி குடிப்பேன் என்று நீங்கள் சொல்வதுண்டு. நான் தலையாட்டுவேன். நேற்று படித்ததில் என்ன இருந்தது என்று கேட்டுப் பார்க்கலாமா என்று நாக்கு நுனியில் ஒரு நமைச்சல் எழும். இதுவரை கேட்டதில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. பத்து வயதில், ஒரு பருவம் முழுவதும், புத்தகத்தைத் திறக்காமலே திறந்ததாகக் குறி போட்டுக்கொண்டிருந்தவள் நான்.

யுத்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பாப்பிரெட்டிப்பட்டியில் மிஷன்காரர்கள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் என் அப்பா கம்பவுண்டராக இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்கள் ஓட்டு வீடு. முன்பக்கம் டிஞ்சர் வாடை, பின்பக்கம் மாட்டுக் கொட்டாய் வாடை. நடுக்கூடத்தில் இரண்டும் கலந்து வீசும். விளக்கெண்ணெய்க்கும் வழியில்லாமல் போனபோது, கோயிலில் நடந்துவந்த மாலை ஜெபத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டிலும் பொழுது சாய்வதற்கு முன் ஓர் அதிகாரம் படிக்க வேண்டும் என்று எங்கள் சபையின் உபதேசியார் சொன்னார்.

உபதேசியார் அரூரிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய கரி பஸ்ஸில் வருவார். இறங்கும்போது வெள்ளைச் சட்டையெல்லாம் கரித்தூளாக இருக்கும். நல்ல மனிதர்தான். ஆனால் யாரையும் எளிதில் நம்பமாட்டார். படியுங்கள் என்றால் ஜனங்கள் படித்துவிடுவார்களா என்று அவருக்கே சந்தேகம். அதனால் வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்தார். நாளுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு வரிசை. மாலையில் வீட்டுத் தலைவர் சத்தமாகப் படிப்பார். மறுநாள் காலையில் எழுத்துத் தெரிந்தவர்கள் அதே அதிகாரத்தைத் தனியே ஒரு முறை படித்துவிட்டுத் தங்கள் கட்டத்தில் சிலுவைக் குறி போட வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கள் மாலையில் கேட்டதற்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். சிலுவை படித்ததற்கு, புள்ளி கேட்டதற்கு.

எங்கள் அட்டையில் ஐந்து வரிசை. அப்பா, அத்தை, நான், சித்தி, சித்தியின் பையன். முதல் மூவருக்கும் சிலுவை, மற்ற இருவருக்கும் புள்ளி.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மா காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் கழித்து, சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு விதவை தன் பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பையனுக்குக் காலில் கொதிக்கிற களி கொட்டிப் புண். மூன்று வாரம் தங்க வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாமல் வராந்தாவைக் கூட்டினாள், கட்டுத்துணி துவைத்தாள். புண் ஆறிய பிறகும் வேலைக்கு இருந்துகொண்டாள். அடுத்த வருடம் ஞானஸ்நானம் பெற்றாள். அதற்கடுத்த மாதம் அப்பா அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். மருந்துக்கு வந்தவள் மருந்து வைத்துவிட்டாள் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அப்படி முதலில் சொன்னது எங்கள் அத்தையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். மிஷன் போர்டிங்கில் படித்தவள். கணவர் இறந்ததும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். சித்தி வந்த நாளிலிருந்து அரிசிப் பானை மூடியில் கைரேகை பார்க்கிறவள்போல எல்லாவற்றையும் பார்த்தாள். நானும் அவளோடு சேர்ந்து பார்த்தேன். சித்தி கும்பிடும்போது கண்ணை மூடுகிறாளா, பாட்டில் வாயை மட்டும் அசைக்கிறாளா, பழைய சாமியின் பெயரைச் சொல்லிவிடுகிறாளா என்று வேவு பார்த்தோம். அவளுடைய பையனுக்கு அப்போது ஆறு வயது. அப்பாவை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவான். யாரும் திருத்தவில்லை.

வீட்டில் இருந்தது ஒரே வேதப் புத்தகம். அது என் அம்மாவுடையது. கறுப்புத் தோல் அட்டை, ஓரம் சிவப்பு மை பூசியது. திறந்தால் கற்பூர வாசனையும், பூச்சி அரித்த தாளின் புழுதி வாசனையும் வரும். மருந்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அம்மாவின் பொருள்களில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்பதால் அதைச் சித்தி தொடுவது எனக்குப் பிடிக்காது. நான் மட்டும் அதை அடிக்கடி தொட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாலு நாள் காலையில் எடுத்துப் படித்தேன். ஐந்தாம் நாள் ஆட்டுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடிக்கப் போனதில் மறந்துவிட்டேன். சாயங்காலம் சிலுவையை மட்டும் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் முதல் புத்தகத்தின் பக்கமே போகவில்லை.

அப்பா ஆதியாகமத்தில் தொடங்கினார். அவர் ஒவ்வொரு புத்தாண்டிலும் அங்கேதான் தொடங்குவார். பத்துப் பன்னிரண்டு அதிகாரத்தில் ஏதாவது தொற்றுக்காய்ச்சல் பரவும், ஆஸ்பத்திரியில் கூட்டம் சேரும், விட்டுவிடுவார். அதனால் உலகம் உண்டானது, வெள்ளம் வந்தது எல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கப்பால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இம்முறை அட்டை இருந்ததால் அப்பா விடவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு விடிகாலை, அலமாரித் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தேன். தேடிப்போனேன். மாட்டுக் கொட்டாயின் கிழக்குப் பக்கம், கீற்று விலகி வெளிச்சம் விழும் இடத்தில், சித்தி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் அம்மாவின் புத்தகம். ஆள்காட்டி விரல் தாளின்மேல் எறும்புபோல ஊர்ந்தது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. பிறகு முந்தானையிலிருந்து எதையோ எடுத்துத் தாளுக்கு நடுவில் வைத்து மூடினாள். அவள் சாணி அள்ளப் போனதும் திறந்து பார்த்தேன். பக்கங்களுக்கு இடையில் ஒரு கோழி இறகு, காய்ந்த ஆவாரம்பூ, ஒரு வைக்கோல் துணுக்கு.

அத்தையிடம் ஓடிச் சொன்னேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கோழி இறகும் பூவும் எதற்கு வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். இறகைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கே இருந்ததோ அங்கேயே வைத்தார். சித்தியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது பெருந்தன்மை என்று அன்று நினைத்தேன். பதிலுக்குப் பயந்திருப்பார் என்று இன்று தோன்றுகிறது.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. அட்டையில் சித்தியின் வரிசையில், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், நாலைந்து சிலுவைகள் தெரிந்தன. கோணல் மாணலான சிறு சிலுவைகள்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் அட்டையைப் பார்க்க வந்தார். அத்தை அட்டையை அவர் பக்கம் நகர்த்தி அந்த வரிசையின்மேல் விரலை மட்டும் வைத்தாள். இது யார் போட்டது என்று அவர் கேட்டார். சித்தி, தான்தான் என்றாள். உனக்கு எழுத்துத் தெரியுமா என்று கேட்டார்.

"கொஞ்சம் தெரியுதுங்க ஐயா. மொத்தமா இல்லீங்க."

அவர் புத்தகத்தைத் திறந்து முதல் அதிகாரத்தைக் காட்டினார். சித்தி விரல் வைத்துப் படித்தாள். தடையில்லாமல் படித்தாள். அப்போது உபதேசியார் மெல்ல உள்ளங்கையை நீட்டிப் பக்கத்தை மறைத்தார். சித்தி அதைக் கவனிக்காமல் இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டாள். பிறகுதான் தன் விரல் அவர் கைமேல் இருப்பதைப் பார்த்து நிறுத்தினாள்.

அத்தை சிரித்தாள். உபதேசியார் சிரிக்கவில்லை.

"கிளிப்பிள்ளையும் இப்படித்தாம்மா சொல்லும்," என்றார். "பரிசுத்தமான காரியத்துல பொய் கூடாது."

சிலுவையைப் புள்ளியாக்க முடியாதல்லவா. பேனாவில் மை தொட்டு ஒவ்வொரு சிலுவையின் மேலும் பெரிய பொட்டாக வைத்து மூடினார். மை அடுத்த கட்டத்துக்கும் ஊறியது. பையன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வரிசையில் என் பதினெட்டுச் சிலுவைகளும் நேர்த்தியாக நின்றன. பாப்பா ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று உபதேசியார் என் தலையைத் தொட்டார்.

நான் பிறகு முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். காதில் கேட்டு மனதில் நின்ற வாக்கியத்தைத் தாளில் இருக்கும் எழுத்தோடு ஒட்ட வைத்துப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் வாசிக்கத் தொடங்குகிறார்கள். பாதி மனப்பாடம், பாதி எழுத்து. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று அவர்களுக்கே தெரியாது. உபதேசியாரின் உள்ளங்கை அந்த இடத்தில்தான் விழுந்தது. அவர் கண்டுபிடித்தது பொய்யை அல்ல. ஆனால் அன்று கூடத்தில் இருந்த எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. சித்திக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அன்று மாலையிலிருந்து அத்தை அப்பாவை விடவில்லை. தாய் பொய் சொல்கிறவள், பிள்ளை எப்படி வளரும் என்றாள். அவனோடு சேர்ந்து நானும் கெட்டுப்போவேன் என்றாள். அவன் தாய்மாமன் மலையடிவாரத்தில் சாமை அறுவடைக்கு ஆள் இல்லாமல் இருக்கிறான், கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்றாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அப்பா கேட்கவில்லை. திங்கள் இரவு சாப்பிடும்போது, சரி என்பதுபோலத் தலையை அசைத்தார். சித்தி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, இருபத்தோராவது நாள். மாலையில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். அப்பா புத்தகத்தைத் திறந்தார். சற்று நேரம் தனக்குள் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தொண்டை சரியில்லை, இன்றைக்கு உள்ளதைப் படிக்கத் தெரிந்தவர்கள் காலையில் தனியே படித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"அப்ப எனக்குங்க?" என்றாள் சித்தி.

ஒரு நாள் விட்டால் குற்றமில்லை என்றார் அப்பா. கால்மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒரு நோயாளியை அவர் கூப்பிட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

காலையில் அத்தை சிலுவை போட்டாள். நான் சிலுவை போட்டேன். சித்தியின் வரிசையிலும் பையனின் வரிசையிலும் அந்தக் கட்டம் வெறுமையாக நின்றது. புதன்கிழமை மாலை அப்பா இருபத்திரண்டிலிருந்து படித்தார்.

சனிக்கிழமை பையனின் மாமன் வந்தார். வாசலில் நின்றவர் உள்ளே வரவில்லை. பையனுக்குப் போவது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. சாமைக் கதிர் பார்க்கப் போகிறாய் என்று சித்தி சொல்லி வைத்திருந்தாள் போலும். அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அப்பா பொரியை ஒரு துணியில் முடிந்து கொடுத்தார். காலி மருந்துப் புட்டி ஒன்றைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, தக்கை அடைத்து, கயிறு கட்டி அவன் தோளில் மாட்டிவிட்டார். வெயிலுக்கு வேண்டியிருக்கும் என்றார். அப்பா எப்போதும் இப்படிச் சின்னச் சின்னக் காரியங்களில் கரிசனமானவர். அந்தப் புட்டி பையனின் இடுப்பில் இடித்து இடித்து ஆடிக்கொண்டே போனதை ஓடைத் திருப்பம் வரை பார்த்தேன். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகிறாளா என்று பார்த்தேன். அழவில்லை. பெற்ற பிள்ளை போகிறான், கண்ணில் ஒரு சொட்டு இல்லை, பார்த்தாயா என்று அத்தை என் காதில் சொன்னாள். நானும் அதைக் குற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு சித்தி ஒழுங்காகப் புள்ளி மட்டுமே வைத்தாள். ஆனால் விடிகாலையில் அலமாரித் தட்டு காலியாகத்தான் இருந்தது.

இரண்டு வாரம் போயிருக்கும். கொட்டாயில் நான் கன்றுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது சித்தி புத்தகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"பாப்பா, துருத்தின்னா கொல்லன் பட்டறையில ஊதுறதுதானே? அதுல தண்ணி எப்புடி ஊத்திக் குடுப்பாங்க?"

துருத்தி என்ற சொல்லே வேதத்தில் இருக்கிறது என்றோ, அங்கே அது தண்ணீர் கொண்டுபோகும் தோல்பை என்றோ அப்போது எனக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தேன். சொல் அங்கே இருந்தது. கொல்லன் துருத்திதான், அந்தக் காலத்தில் அதில் தண்ணீரும் வைப்பார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சித்தி என்னையே பார்த்தாள்.

"நீ இதைப் படிச்சிருக்கியே. இருவத்தொண்ணுல சிலுவை போட்டிருக்கியே."

படித்தேன் என்றேன்.

"நீ படிக்கல பாப்பா." கோபமே இல்லாமல் சொன்னாள். "நான் மூடறப்ப முந்தின நாள் அதிகாரத்துல வைக்கோலை ஒரு பக்கமாச் சாய்ச்சு வெச்சுட்டுப் போவேன். மறுநாள் சாய்ச்சபடியேதான் இருக்குது. மூணு வாரமா யாரும் தொறக்கல. உங்கத்தையும் தொறக்கல. உங்கப்பா மட்டுந்தான் படிச்சாரு. அதனாலதான் தாண்டிட்டாரு."

நாங்கள் இரண்டு பேர் அவளை வேவு பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு வைக்கோல் துணுக்கை வைத்து வீட்டையே வேவு பார்த்திருந்தாள். அப்பாவிடம் சொல்லிவிடுவாளா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவள் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. விரல் இருந்த இடத்துக்கே கண் போய்விட்டது.

அவள் தேடியது என்ன என்று பிறகு அவளே சொன்னாள். பதினாறாம் அதிகாரத்தை அப்பா சத்தமாகப் படித்தபோது, அதில் ஒரு பெரிய வீட்டு வேலைக்காரப் பெண் வருகிறாள். எஜமானருக்குப் பிள்ளை சுமக்கிறாள், எஜமானியின் கொடுமை தாங்காமல் ஓடுகிறாள், திரும்பி வருகிறாள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று சித்தி அப்போதே அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். வரும், பொறு என்றாராம். அவள் பொறுத்திருந்தாள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று போயிற்று. அப்புறம் ஒரு வெற்றுக் கட்டம். அதற்குப் பின் ஒரு வம்சப் பட்டியலில் பேர் வந்ததைத் தவிர அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆகவே அவள் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்று சித்திக்குச் சந்தேகம். எண்கள் அவளுக்குத் தெரியும். இருபத்தொன்று என்ற எண்ணைக் கண்டுபிடித்து, யாரும் அவளுக்குப் படித்துக் காட்டாத அந்த அதிகாரத்தில் எழுத்தெழுத்தாக இறங்கினாள். முன் அதிகாரங்களில் பழகிய சொற்களை இங்கே அடையாளம் கண்டாள். தெரியாத எழுத்து வந்தால், அதே எழுத்து தெரிந்த சொல் எதிலாவது இருக்கிறதா என்று பின்னால் போய்த் தேடினாள். அதற்குத்தான் இறகும் பூவும். ஒரு நாளைக்கு ஒரு வசனம். சில நாள் அரை வசனம்.

ஐம்பதாவது நாள் மாலை அப்பா ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தைப் படித்து முடித்தார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கரையைத் தொட்டிருந்தார். முகத்தில் பெருமை தெரிந்தது. ஆதியாகமம் முடிந்தது என்றார். அத்தை கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள்.

"முடியலீங்க," என்றாள் சித்தி. "நடுவுல ஒண்ணு வுட்டுப்போச்சுங்க."

எழுத்துத் தெரியாதவளுக்கு எது விட்டுப்போனது என்று எப்படித் தெரியும் என்று அத்தை கேட்டாள். சித்தி அவள் பக்கம் திரும்பவில்லை. அப்பாவிடமே பேசினாள்.

"அந்த வேலக்காரப் பொம்பளையயும் அவ பையனையும் வூட்ட வுட்டு அனுப்புறாங்க. அப்பமும் ஒரு துருத்தி தண்ணியும் குடுத்து, விடியக்காலத்துல அனுப்புறாங்க. நீங்க படிச்சீங்க. படிச்சுட்டுத்தான் எங்களுக்குப் படிக்காம வுட்டீங்க."

நான் அப்பாவைப் பார்த்தேன். ஓர் ஆண்பிள்ளையின் முகம் அப்படிக் கலைந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா இறந்த அன்றும் அவர் தைரியமாக இருப்பதுபோல நடித்தார். அன்று நடிக்கவில்லை. புத்தகத்தைப் பின்னால் புரட்டினார். வைக்கோல் துணுக்கு பாயில் விழுந்தது. படிக்கத் தொடங்கினார்.

எஜமானி தன் பிள்ளையோடு இன்னொருத்தியின் பிள்ளை வளரக்கூடாது என்று சொல்வதைப் படித்தார். எஜமானருக்கு அது வருத்தமாக இருந்ததையும், இருந்தும் அனுப்பி வைத்ததையும் படித்தார். தாயும் மகனும் வனாந்தரத்தில் அலைந்து, கொண்டுபோன தண்ணீர் தீர்ந்து, பிள்ளையை ஒரு செடியின் கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மாட்டாமல் தாய் தூரத்தில் போய் உட்கார்ந்த இடம் வரை வந்தார். அங்கே குரல் நின்றுவிட்டது. மறுபடி தொடங்க முயன்றார். வரவில்லை.

அத்தைதான் பேசினாள்.

"அப்புறம்? அந்தப் பையனுக்குத் தண்ணி கெடச்சுதா இல்லையா?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அட்டை எங்களுக்கு நடுவில் கிடந்தது. இருபத்தோராவது கட்டத்தில் அவள் போட்ட சிலுவை பெரியதாகத் தெரிந்தது. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

சித்தி கையை நீட்டிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். விரலை வைத்தாள். அப்பா விட்ட இடத்திலிருந்து அவள் படித்தாள். அப்பாவைப் போலப் படிக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்த்து, இரண்டு மூன்றைச் சேர்த்து, பிரித்து, மறுபடி சேர்த்துப் படித்தாள். தப்பாகப் படித்துத் திருத்திக்கொண்டாள். கிளிப்பிள்ளை இப்படித் தடுமாறாது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போகத் தோன்றவில்லை. தாய்க்குக் கண் திறந்து ஒரு தண்ணீர்த் துரவு தெரிகிற இடம் வந்தது. துரவு என்ற அந்தச் சொல்லை மட்டும் தடங்கலே இல்லாமல் படித்தாள். அவள் ஊரில் கிணற்றை அப்படித்தான் சொல்வார்கள். பையன் குடித்தான், வளர்ந்தான், வில்லாளியானான் என்று அந்தத் தாய் மகன் கதையின் கடைசி வரை போனாள். முடிக்கும்போது தாளில் வெளிச்சம் இல்லை. அவள் கண் தாளுக்கு மிக அருகில் இருந்தது.

"கெடச்சுதுங்க அக்கா," என்றாள் அத்தையைப் பார்த்து.

விடிந்து நான் எழுந்தபோது அப்பா இல்லை. ஆஸ்பத்திரிக் கதவில் பூட்டு தொங்கியது. வேலை நாளில் அவர் சொல்லாமல் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடுத்த நாள் உச்சிவேளையில் பையனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். பையன் மெலிந்திருந்தான். விரலிடுக்கெல்லாம் சிரங்கு. அப்பா அவனை நேரே ஆஸ்பத்திரி மேசைமேல் உட்கார வைத்து மருந்து போட்டார். அவன் அவரை 'ஐயா' என்றே கூப்பிட்டான். அது மாறுவதற்கு இன்னும் நாளாயிற்று.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அத்தை தன் சிலுவையை அழித்தாளா என்று மறுநாளே அட்டையைப் பார்த்தேன். அழிக்கவில்லை. நானும் அழிக்கவில்லை. சித்தியின் வெற்றுக் கட்டத்தில் யாரோ ஒரு சிலுவை போட்டிருந்தார்கள். அவளுடைய கோணல் சிலுவை அல்ல. மருந்துச்சீட்டு எழுதுகிற கையின் நேரான சிலுவை. உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "அவ படிச்சா, நான் என் காதால கேட்டேன்," என்றார் அப்பா. உபதேசியார் மை தொட்ட பேனாவைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

கோயிலில் நடந்த அறுப்பின் பண்டிகையில் ஒரு நாளும் தவறாத பிள்ளை என்று எனக்குப் பரிசு கொடுத்தார்கள். கப்பல் படம் போட்ட தகரப் பென்சில் டப்பா. நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். பெண்கள் பக்கத்தில் சித்தி பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை தட்டினாள். மற்றவர்கள் தட்டிய அளவுக்கே தட்டினாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த டப்பா எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை. அம்மாவின் வேதப் புத்தகத்தைப் பின்னாளில் கறையான் தின்றது.

அவள் யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடி வாங்கிவிட்டு அதோடு மறந்திருப்பேன். சொல்லாததால் நான் அவளைச் சந்தேகித்துக்கொண்டே இருந்தேன். இன்று சொல்வாள், நாளை சொல்வாள் என்று காத்திருந்தேன். மார்கழி போயிற்று. அட்டை கொடுப்பதையும் உபதேசியார் நிறுத்திவிட்டார். குறி போட இடமில்லை, கேட்கவும் ஆளில்லை. ஆனாலும் கொட்டாயின் கிழக்குப் பக்கம் தினமும் அவள் உட்கார்ந்தாள்.

தை மாதத்தில் ஒரு காலை, நல்ல பனி. போர்வையைச் சுற்றிக்கொண்டு நான் அங்கே போனேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. பயம் தாங்காமல் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சித்தி நிமிர்ந்து பார்த்தாள். வெளிச்சம் விழும் இடத்திலிருந்து சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். எதுவரைக்கும் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். அதற்கு அடுத்த வரியிலிருந்து நான் படித்தேன். அவள் விரல் என் குரலுக்குக் கீழே, ஒரு சொல்லும் விட்டுப்போகாமல், கூடவே வந்துகொண்டிருந்தது.